சாசர் தீட்டிய சொல்லோவியங்கள்

மனிதரைக் காண்பது எளிது, கண்டறிவது அரிது. நாள்தோறும் நூறு முகங்கள் நம் கண்முன் வந்து செல்கின்றன. உடையைக் காண்கிறோம், நடையைக் காண்கிறோம், தொழில் இன்னதென்று கேட்டு அறிகிறோம். அவ்வளவில், 'இவர் நல்லவர், அவர் தீயவர்' என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். விரைந்து எழுதிய தீர்ப்பு விரைந்தே பிழைபடுவதும் உண்டு. ஒருவரை நின்று நிதானித்துக் காணும் கலையை எங்கே கற்பது? அனுபவம் அதனைக் கற்பிக்கும் என்பர் பெரியோர். இலக்கியமும் கற்பிக்கும் என்பது என் துணிபு. ஆங்கில இலக்கிய வகுப்பில் ஒரு பழம்பாடலைப் பல ஆண்டுகளாக மாணவரோடு கூடிப் பயின்று வருகிறேன். அப்பயிற்சியே எனக்கு இத்துணிபைத் தந்தது.

அப்பாடலை இயற்றியவர் ஜெப்ரி சாசர் என்னும் கவிஞர்; பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தவர். 'காண்டர்பரிக் கதைகள்' என்னும் பெருநூலை அவர் 1387ஆம் ஆண்டளவில் தொடங்கினார். 1400ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறாமலே நின்றது. நூலின் முகப்பில் பாயிரமாக அமைந்த 858 அடிகளே நாங்கள் வகுப்பில் பயிலும் பகுதியாகும்.

பாயிரத்தின் கதை மிகச் சிறியது. வேனிலின் தொடக்கம், ஏப்ரல் திங்கள். இலண்டன் மாநகருக்கு எதிரே, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், சதர்க் என்னும் இடத்தில் டாபர்டு என்றொரு விடுதி இருந்தது. காண்டர்பரிக்கு யாத்திரை செல்வோர் 29 பேர் ஓர் இரவு அங்கே வந்து சேர்ந்தனர். காண்டர்பரிப் பேராலயத்தில் தாமஸ் பெக்கெட் என்னும் பேராயர், அரசன் இரண்டாம் ஹென்றியின் வீரர் நால்வரால் 1170ஆம் ஆண்டில் வெட்டுண்டு இறந்தார். 1173இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. அவருடைய கல்லறையை வழிபடவே மக்கள் திரள் திரளாகச் சென்றனர். 1538இல் எட்டாம் ஹென்றி அக்கல்லறையை அழிப்பித்த காலம்வரை அவ்வழிபாடு நீடித்தது.

விடுதித் தலைவன் யாத்திரிகரிடம் ஒரு பந்தயம் கூறினான். ஒவ்வொருவரும் போகும்போது இரண்டு கதை, திரும்பும்போது இரண்டு கதை சொல்லுதல் வேண்டும். சிறந்த கதை சொன்னவருக்கு மற்றவர் செலவில் விருந்து. இத்திட்டத்தின்படி நூற்றுக்கு மேற்பட்ட கதைகள் வந்திருக்க வேண்டும். நமக்குக் கிடைத்துள்ளவை 24. அவற்றுள்ளும் சில குறையாக நிற்கின்றன. கதைகள் தொடங்குமுன் யாத்திரிகரை ஒருவர் பின் ஒருவராக நம் கண்முன் நிறுத்துகிறார் கவிஞர். அவர் சொல்லால் தீட்டிய அந்த உருவங்களே இக்கட்டுரையின் பொருள்.

சாசர் வாழ்ந்த காலம் அமைதியான காலம் அன்று. 1348இலும் அடுத்த ஆண்டிலும் கொள்ளைநோய் இங்கிலாந்தில் பரவி மக்களில் பெரும்பகுதியினரைக் கொண்டு சென்றது. பிரான்சு நாட்டோடு நெடும்போர் நடந்துகொண்டிருந்தது. 1381இல் உழவரும் கைத்தொழிலாளரும் தலைவரிக் கொடுமை தாங்காது கிளர்ந்தெழுந்து இலண்டன் நகருள் புகுந்தனர். போரிடுவோர், இறைவனை வேண்டுவோர், உழைப்போர் என மூவகையாகச் சமுதாயத்தைப் பகுத்து, அவ்வகுப்பை இறைவனே வகுத்தான் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையின் அடித்தளமே அக்காலத்தில் ஆட்டங்கண்டது.

அக்காலப் புலவர் பலர் இவ்வகுப்பினரைக் குறித்து நையாண்டிப் பாடல்கள் பாடினர். 'துறவி என்றால் பெருந்தீனியன். வணிகன் என்றால் பொய்யன். மாவரைப்போன் என்றால் திருடன்' என்று தொழிலுக்கு ஒரு குற்றம் சாற்றுவது அப்பாடல்களின் மரபு. சாசர் இம்மரபை நன்கு அறிந்தவர் என்பதை ஜில் மான் என்னும் பேராசிரியை 1973இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரிவாக விளக்கினார். பழைய புலவர் கையாண்ட அதே வகுப்புகளைத்தான் சாசரும் எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் கைபட்டதும் வகுப்பு மறைந்து மனிதன் தோன்றினான். வெறும் 'மாவரைப்போன்' என்று அவர் விட்டுவிடவில்லை. மூக்கின் நுனியில் ஒரு மரு, அம்மருவின்மேல் சிவந்த மயிர்க்கற்றை, தலையால் முட்டிக் கதவைப் பிளக்கும் முரட்டுத்தனம், ஊதிக்கொண்டே ஊர்வலத்தை நடத்திச் செல்லப் பைக்குழல் ஒன்று எனச் சேர்த்துச் சேர்த்து ஒருவனை உருவாக்கினார். இவனை எந்தச் சந்தையில் கண்டாலும் நாம் இனங்கண்டு கொள்வோம்.

இவ்வாறு மனிதரைக் காணும் கண் சாசருக்கு எங்ஙனம் வாய்த்தது? அவருடைய தந்தை இலண்டனில் திராட்சைமது வாணிகம் செய்தவர். சாசரோ இளமையில் அரச குடும்பத்தைச் சார்ந்த ஒரு சீமாட்டியின் மாளிகையில் ஏவலராக இருந்தார். போருக்குச் சென்று பிரான்சில் சிறைப்பட்டார். 1360இல் அவரை மீட்பதற்கு அரசரும் 16 பவுன் உதவினார். அரசாங்கப் பணியாக இத்தாலி நாட்டுக்கும் சென்று வந்தார். 1374 முதல் 1386 வரை இலண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரியாக விளங்கினார். அக்கணக்கைத் தம் கையாலேயே எழுதுதல் வேண்டும் என்பது அப்பதவியின் விதி. மாலுமியும் வணிகனும் கூலியாளும் நாள்தோறும் அவர்முன் வந்து நின்றிருப்பர். அரண்மனைக்கும் கடைத்தெருவுக்கும் இடையே வாழ்ந்த அவருக்கு இருபுறத்து மனிதரையும் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. சரக்கின் எடையைக் கூட்டாமலும் குறைக்காமலும் குறித்துவைக்கும் கணக்கரின் நிதானம் அவருடைய கவிதையிலும் படிந்திருப்பதாக எனக்குத் தோன்றும்.

அந்நாளில் அரசவையில் பிரெஞ்சு மொழிக்கும், கோயிலிலும் கல்விச்சாலையிலும் இலத்தீன் மொழிக்குமே ஏற்றம் இருந்தது. நீதிமன்ற வழக்குகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்ற சட்டமே 1362இல்தான் பிறந்தது. அத்தகைய காலத்தில் மக்கள் பேசிய மொழியில் பெருங்காவியம் பாடத் துணிந்தார் சாசர்.

அந்த ஆங்கிலம் இன்றைய ஆங்கிலத்தினின்றும் வேறுபட்டது. ஆகவே, முதல் நாள் வகுப்பில் பொருள் சொல்ல நான் விரைவதில்லை. வாய்விட்டுப் படிக்கச் செய்வேன். 'நைட்' என்று இன்று நாம் ஒலிக்கும் சொல்லில் எழுத்தளவில் மட்டும் நிற்கும் ககர ஒலியை, அக்காலத்தார் வாயாரச் சொல்லினர். சொல்லின் இறுதியில் ஊமையாக இன்று நிற்கும் உயிரெழுத்தும் பல இடங்களில் அன்று ஒலித்தது. அவ்வாறு ஒலித்தால்தான் பத்தசை அடி நிரம்பும். ஈரடிதோறும் வரும் இயைபும் இனிக்கும். தமிழ் மாணவர்க்கு எழுதிய எழுத்தையெல்லாம் ஒலிக்கும் பழக்கம் உண்டாதலால், இப்பாடலைப் படிப்பதில் அவர்கள் விரைவில் தேர்ச்சி பெற்றுவிடுகின்றனர். பள்ளியில் பயின்ற ஆங்கிலம் தங்களை அலைக்கழித்ததற்கு இந்தப் பழைய ஆங்கிலம் ஈடுசெய்வதாகச் சிலர் வேடிக்கையாகக் கூறுவதும் உண்டு.

ஒலி பழகிய பின் ஒரு சிறு பயிற்சி தருவேன். ஏட்டில் இரு பத்திகள் வகுத்துக்கொள்ள வேண்டும். கவிஞர் கண்ணால் கண்டது, காதால் கேட்டது யாவும் முதற்பத்தியில். 'இவன் நல்லவன்' அல்லது 'இவன் தீயவன்' என்று கவிஞர் வாய்திறந்து கூறிய தீர்ப்பு இரண்டாம் பத்தியில். ஒருமணி நேரம் கழித்துப் பார்த்தால், முதற்பத்தி நிரம்பி வழியும். இரண்டாம் பத்தியில் ஒன்றிரண்டு சொற்களே நிற்கும். அச்சொற்களும் பெரும்பாலும் பாராட்டாகவே இருக்கும். இதைக் கண்டு மாணவர் வியப்பர். 'அப்படியாயின், இவர்களுட் சிலர் தீயவர் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி தானே எழும். அக்கேள்வி எழுந்தவுடன் உண்மையான பாடம் தொடங்குகிறது.

சான்றாக, சமையற்காரனைப் பாருங்கள். அவனுக்குச் சாசர் ஒதுக்கியது 9 அடிகளே. அவனுடைய கைத்திறனை அடுக்கிச் சொல்லி வருகிறார். நடுவே, அவன் கணைக்காலில் புண் ஒன்று இருந்ததைக் குறிப்பிட்டு இரங்குகிறார். உடனே, கோழி இறைச்சியும் அரிசியும் பாலும் சேர்த்துச் செய்யும் வெண்ணிறக் கூழை அவன் மிகச் சிறப்பாகச் சமைப்பான் என்று பாராட்டி முடிக்கிறார். குறை ஒன்றும் கூறவில்லை. ஆயினும், புண்ணையும் கூழையும் அடுத்தடுத்து வைத்த பின் அக்கூழை உண்ண யாருக்கு மனம் வரும்?

மருத்துவனைப் பற்றிய சித்திரமும் இத்தகையதே. பண்டை மருத்துவ நூலோரையெல்லாம் அவன் கற்றவன். கொள்ளைநோய்க் காலத்தில் ஈட்டிய பொருளைச் செலவிடாது காத்துவைத்தவன். பொன் இதயத்திற்கு வலிமை தரும் மருந்து என்பது அக்கால மருத்துவக் கொள்கை. அதனால் அவனுக்குப் பொன்மீது தனிப்பற்று என்று காரணமும் காட்டுகிறார் கவிஞர். நோயாளிக்குரிய மருந்தைத் தானே விரும்பிய மருத்துவனை நாம் கண்டு நகைக்கிறோம். நகைப்பு அடங்கியதும், ஊர் மடிந்த காலத்தில் அவன் பை நிறைந்த செய்தி நெஞ்சில் உறுத்துகிறது.

'தகுதி மிக்கவர்' என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சாசர் முதலில் போர்வீரப் பெருமகனுக்குச் சூட்டுகிறார். பல நாடுகளில் போர் புரிந்தும் பிறரை இழித்துப் பேசாதவன் அவன். கவச இரும்பின் கறைபடிந்த எளிய சட்டையோடு யாத்திரைக்கு வந்தவன். அவனுக்கு அச்சொல் பொருந்துகிறது. பின்னர் அதே சொல்லைக் கடனில் மூழ்கியும் அதனை வெளிக்காட்டாத வணிகனுக்கும், ஐந்து கணவரை மணந்து சிவந்த காலுறை அணிந்து பெருமிதத்தோடு குதிரை ஊர்ந்துவரும் பாத் நகரத்து மாதுக்கும், பணம் தருவோர்க்குப் பாவமன்னிப்பை எளிதில் வழங்கும் இரந்துண்ணும் துறவிக்கும் சூட்டுகிறார். ஒரே நாணயம் கைமாறி வரவரத் தேய்வதுபோல அச்சொல்லும் தேய்கின்றது. உலகம் எவ்வளவு எளிதில் பட்டம் வழங்குகின்றது என்பதை இதைவிடக் குறைந்த சொற்களில் யார் காட்டவல்லார்?

பாயிரத்தில் 'நான்' என்று பேசுவோனும் ஒரு யாத்திரிகனே. அவன் யாரைக் கண்டாலும் மகிழ்கிறான். எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறான். வேட்டைப்பித்துக் கொண்ட ஒரு மடத்துத் துறவி வருகிறார். அவருடைய சட்டைக் கையின் ஓரத்தில் விலையுயர்ந்த மென்மயிர். குதிரைக் கடிவாளத்தில் கிணுகிணுக்கும் மணிகள். நூலைப் படித்து மூளையைக் கலக்கிக்கொள்வதும் உடல்வருந்த உழைப்பதும் துறவிக்கு எதற்கு என்பது அவர் கருத்து. அது நல்ல கருத்துத்தான் என்று நம் யாத்திரிகன் தலையசைக்கிறான். தலையசைப்பவன் வேறு, அவனைத் தலையசைக்க வைத்த கவிஞர் வேறு என்பதை உணரும்போது மாணவர் முகத்தில் ஒரு புன்னகை மலரும். ஆசிரியனாகிய எனக்கு அப்புன்னகையைவிடப் பெரிய ஊதியம் இல்லை.

ஆனால், எல்லாப் படங்களும் புன்னகையோடு முடிவதில்லை. வகுப்பில் மிகுந்த விவாதத்தை எழுப்புவது கன்னிமாடத் தலைவியின் உருவம். 45 அடிகளில் அமைந்த அப்படத்தில் அவள் புன்னகை, பாட்டு, பிரெஞ்சுப் பேச்சு, உணவு மேசையில் காட்டும் நாகரிகம் ஆகியன வரிசையாக வருகின்றன. உதட்டினின்று ஒரு பருக்கையும் கீழே சிந்தாது. கிண்ணத்தில் எண்ணெய்ப்பசை படியாது. பின்பு அவளுடைய இரக்கத்தைச் சொல்லப் புகுகிறார் கவிஞர். பொறியில் அகப்பட்ட எலியைக் கண்டால் கண்ணீர் வடிப்பாளாம். சில சிறுநாய்களை வளர்த்து, வறுத்த இறைச்சியும் பாலும் உயர்ந்த வெள்ளை ரொட்டியும் ஊட்டுவாளாம். அவற்றுள் ஒன்று இறந்தாலோ அடிபட்டாலோ அழுவாளாம். பவளச் செபமாலையில் தொங்கும் பொற்பதக்கத்தில் அன்பின் வெற்றியைப் புகழும் இலத்தீன் வாசகம் ஒன்று பொறித்திருந்ததாம்.

'உயிர்களிடத்து இத்துணை இரக்கம் கொண்ட பெண்மணியை எவ்வாறு குறைகூறுவது?' என்று ஒருசாரார் கேட்பர். 'கன்னியர் மடத்தில் நாய் வளர்ப்பதற்கு விதி உண்டா?' என்று மற்றொருசாரார் வினவுவர். வரலாறு இரண்டாம் சாராருக்குத் துணைசெய்கிறது. கன்னியர் நாய் வளர்த்தலும் யாத்திரை செல்லுதலும் கூடாதென்று ஆயர்கள் மீண்டும் மீண்டும் கட்டளையிட்டதை எய்லீன் பவர் என்னும் வரலாற்றாசிரியை 1924இல் எடுத்துக்காட்டினார். ஏழைகள் கம்பரிசியும் வாற்கோதுமையும் கலந்த கரிய ரொட்டியை உண்ட காலத்தில், வெண்மாவு ரொட்டி செல்வர் மேசைக்கு உரியது என்பதும் நினைக்கத்தக்கது.

ஒருமுறை, இந்த விவாதத்தில் இருசாராரும் களைத்துப்போயிருந்த வேளையில், கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, இவள் யாருக்காக அழுகிறாள் என்று கவிஞர் சொல்லியிருக்கிறார். யாருக்காக அழவில்லை என்று பார்த்தால் என்ன?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. 45 அடிகளையும் மீண்டும் படித்தோம். எலி இருந்தது, நாய் இருந்தது, பசித்த மனிதன் ஒருவனும் இல்லை. நோயாளி இல்லை, அநாதைக் குழந்தை இல்லை. இரக்கத்தைப் பற்றிய பகுதியில் மனிதர் இடம் வெறுமையாக இருந்தது. அவ்வெறுமையைக் கவிஞர் சுட்டிக்காட்டவில்லை. கூர்ந்து பார்ப்பவர் காணட்டும் என்று விட்டுவைத்திருந்தார்.

அம்மாணவியின் கேள்வி எங்களைப் பாயிரத்திற்கு அப்பாலும் அழைத்துச் சென்றது. யாத்திரையின் நடுவே அத்தலைவி ஒரு கதை சொல்கிறாள். தேவமாதாவைப் போற்றிப் பாடித் திரிந்த ஏழு வயதுக் கிறித்தவச் சிறுவன் ஒருவனை யூதர்கள் கொன்றதாகவும், அதற்காக அவர்கள் குதிரைகளால் இழுப்புண்டு தூக்கிலிடப்பட்டதாகவும் கூறுவது அக்கதை. யூதர்மீது சுமத்தப்பட்ட இத்தகைய கொலைப்பழி முழுப்பொய். அப்பொய்யால் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் குற்றமற்ற மக்கள் பலர் உயிரிழந்தனர். இங்கிலாந்திலோ 1290ஆம் ஆண்டிலேயே முதலாம் எட்வர்டு அரசன் யூதர் அனைவரையும் நாடுகடத்திவிட்டான். தன் கண்ணால் காணாத ஒரு மக்கள்மீது அவள் அத்துணை வெறுப்பைக் கொட்டுகிறாள். அவர்கள் பட்ட தண்டனையைச் சொல்லும்போது ஒரு துளிக் கண்ணீரும் சிந்தவில்லை. எலிக்கு அழுத கண் மனிதனுக்கு வறண்டுபோயிற்று.

இக்கதையில் சாசர் அத்தலைவியைக் குத்திக் காட்டுகிறாரா, அல்லது தம் காலத்து வெறுப்பில் தாமும் பங்கு கொண்டாரா என்பதில் அறிஞர் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. பெருங்கவிஞர் என்பதற்காக அவர் எழுதியதையெல்லாம் தலைமேற் கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. மென்மையான உள்ளமும் அன்புள்ளமும் ஒன்றல்ல என்ற உண்மையை இவ்விரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படித்தவர் எளிதில் மறக்கமாட்டார்.

இனி, பங்குக் குருவின் படத்தைக் காண்போம். அவர் வறியவர். அவருடைய பங்கு பரந்த நிலப்பரப்பு. வீடுகளோ ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவு. மழை பெய்தாலும் இடி இடித்தாலும், நோயுற்றோரையும் துயருற்றோரையும் காண்பதற்குக் கையில் ஒரு கோலோடு அவர் நடந்தே செல்வார். தசமபாகம் செலுத்த இயலாத ஏழையைச் சபைக்குப் புறம்பாக்க அவருக்கு மனம் வருவதில்லை; தமக்கு வந்த காணிக்கையையும் அவர்களுக்கே பகிர்ந்து கொடுப்பார். தம் மக்களைப் பதிலாள் ஒருவனிடம் விட்டுவிட்டு, இலண்டனுக்கு ஓடி நல்ல வருமானமுள்ள வேறு பதவி தேடிக்கொள்ள அவர் நினைத்ததில்லை. தவறு செய்தவன் செல்வனேயாயினும் கண்டிக்கத் தயங்கியதும் இல்லை.

52 அடிகளில் அமைந்த இப்படத்தில் ஒரு புதுமை உண்டு. பங்குக் குரு நெட்டையரா, குட்டையரா? தாடி உண்டா, இல்லையா? என்ன நிறச் சட்டை அணிந்திருந்தார்? சாசர் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்க்கெல்லாம் மூக்கையும் தாடியையும் தொப்பியையும் தேடித் தேடி எழுதியவர், இவருக்குக் கையிலிருந்த கோலை மட்டும் குறிப்பிட்டார். ஏன்? செயல் பேசத் தொடங்கியபின் முகத்தை வருணிப்பதற்குத் தேவை ஏற்படவில்லை. அவரைக் காண விரும்புவோர், மழையில் நனைந்து நடந்த அந்த நடையைக் கண்டால் போதும்.

பங்குக் குருவின் உடன்பிறந்தானாக ஓர் உழவனும் வருகிறான். 13 அடிகளே அவனுக்கு. வண்டி வண்டியாக எரு சுமந்தவன். ஏழைக்குக் கூலி பெறாமல் கதிரடித்தும் பள்ளம் தோண்டியும் உதவுபவன். அயலானைத் தன்னைப்போல் நேசிப்பவன். உழவர் கிளர்ச்சி நிகழ்ந்து ஆறேழு ஆண்டுகளே கழிந்திருந்தன. உழவன் என்ற பெயரைக் கேட்டாலே அரசவையில் பலர் அஞ்சியும் வெறுத்தும் இருப்பர். அந்த அவையோடு நெருங்கிப் பழகிய கவிஞர், தம் நூலில் மாசற்றவராகக் காட்டிய மிகச் சிலருள் ஓர் உழவனையும் சேர்த்தார்.

இவ்வளவு குற்றங்களைக் கண்ட கவிஞர் மனிதரை வெறுத்தாரா என்று மாணவர் கேட்பதுண்டு. வெறுத்தவரால் இத்தனை பொறுமையோடு பார்க்க இயலாது. பாயிரத்தில் மிக நீண்ட படம் யாருடையது? பணத்திற்குப் பாவமன்னிப்பு வழங்கும் அந்த இரந்துண்ணும் துறவியினுடையதுதான்; 62 அடிகள். அவன் யாழ் மீட்டிப் பாடும்போது கண்கள் குளிர்கால விண்மீன்கள்போல் மின்னுவதையும் சாசர் மறவாமல் குறித்தார். பன்றி எலும்பைப் புனிதரின் திருப்பண்டம் என்று காட்டி மக்களை ஏமாற்றுபவனும் கோயிலில் நன்றாகப் பாடுவான் என்று சான்று தந்தார். குற்றத்தை மறைக்கவில்லை, குற்றத்திற்காகக் குணத்தை மறைக்கவும் இல்லை.

காலம் மாறமாற இப்படங்களின் பொருளும் புதிதாகிறது. போர்வீரப் பெருமகன் குறையற்ற வீரன் என்றே நெடுங்காலம் பலர் கொண்டிருந்தனர். 1980இல் டெர்ரி ஜோன்ஸ் என்பவர் ஒரு நூல் எழுதி, அவன் கூலிக்குப் போரிட்ட கொடியவன் என்றும், அவன் கலந்துகொண்ட போர்களின் பட்டியலே அதற்குச் சான்று என்றும் வாதிட்டார். பல அறிஞர் அதனை மறுத்தனர். வகுப்பில் இரு கட்சியையும் எடுத்துரைத்துவிட்டு, பாடலடிகளை மாணவர் கையில் கொடுத்துவிடுவேன். பிறர் தீர்ப்பைக் கேட்டுக்கொள்ளலாம். சான்றைத் தாமே பார்த்தல் வேண்டும்.

சாசர் மறைந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பெற்ற எல்ஸ்மியர் என்னும் அழகிய கையெழுத்துப் படி, இன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஹண்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. கதை சொல்வோர் குதிரைமேல் வரும் வண்ண ஓவியங்கள் அதில் உள்ளன. இங்கிலாந்தில் முதன்முதல் அச்சகம் நிறுவிய வில்லியம் காக்ஸ்டன் இந்நூலை இருமுறை அச்சிட்டார்; 1483இல் வந்த இரண்டாம் பதிப்பில் மரச்செதுக்குப் படங்களையும் சேர்த்தார். ஓவியர் பலர் முயன்றும் சொல்லோவியத்தை எவரும் விஞ்சவில்லை. தூரிகை புண்ணைக் காட்டும்; கூழையும் காட்டும். அவ்விரண்டிற்கும் இடையே வாசகன் நெஞ்சில் எழும் எண்ணத்தைச் சொல் ஒன்றே எழுப்பும்.

மாணவர்களே! அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வேற்று நாட்டில் யாத்திரை சென்றோரை நீங்கள் ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். அவர்களைப் பார்க்கப் பழகிய கண் பிறரையும் பார்க்கும் என்பதே என் விடை. ஒருவர் அணிந்த பதக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். அவர் நடந்த வழியில் யார் பயனடைந்தார் என்றும் பாருங்கள். ஒருவர் யாருக்காக அழுகிறார் என்று கேளுங்கள். யாருக்காக அழ மறந்தார் என்றும் கேளுங்கள். பிறரை அளக்கும் அதே கோலால் நம்மையும் அளந்துகொள்வது நேர்மை. நம் உருவத்தை ஒரு சாசர் எழுதப் புகுந்தால், அவர் நம் உடையைக் குறித்து எழுதுவாரோ, நம் செயலைக் குறித்து எழுதுவாரோ? அதனை முடிவுசெய்யும் உரிமை இன்று நம் கையில் இருக்கிறது.